இடது கதவின் கம்பெனி ஸ்பீக்கர்

பேய் பிசாசு என்று யாராவது கடையில் ஆரம்பித்தால் ஸ்டீரியோ சத்தத்தைக் கூட்டிவிடுகிற ஆள் நான். வண்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி வருகிறவர்களைக் கிண்டல் பண்ணியே இரண்டு மூன்று கஸ்டமரை இழந்திருக்கிறேன். இப்போதும் முழுசாக மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், சுடுகாட்டுப் பக்கமாகத்தான் தினமும் வீட்டுக்குப் போகிறேன், ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் போன வருஷம் கத்திரி வெயிலில், பட்டப்பகலில், என் கண்ணுக்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் எந்தச் சமாதானம் சொல்லியும் என்னால் ஒதுக்க முடியவில்லை. கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டு மேலேயே எனக்குக் கார் ஆடியோ கடை. கடை என்றால் தகரக் கொட்டகை, ஒரு மேஜை, கிறீச்சிடும் ஒரு ஃபேன், அவ்வளவுதான். என் வாய்க்கு வேலை ஆள் யாரும் நிற்பதில்லை என்பதால் நான் ஒருத்தன்தான். பதினெட்டு வருஷமாக இதே தொழில். அதிகமாக வருகிற வேலை, காரோடு கம்பெனியில் போட்டுக்கொடுத்த கதவு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு நல்லதாக மாற்றுவது. சத்தத்துக்கு அதிர்கிற கோன் வெறும் பேப்பர், சட்டம் பிளாஸ்டிக், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் கதவே இருமுகிற மாதிரி இருக்கும், அதுதான் கம்பெனி ஸ்பீக்கர். கழற்றிய பழசை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அது என் அட்டைப்பெட்டியில் சேரும். அதில் நல்லதாகப் பார்த்து எங்கள் சொந்த வண்டியில் மாட்டிக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். ஊர் வண்டிக்கெல்லாம் புதுசு, எங்கள் வண்டிக்கு அடுத்தவன் கழற்றிப் போட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் உண்டு. ஒரு கதவில் நேராகவும் இன்னொரு கதவில் மாற்றியும் ஒயர் கொடுத்துவிட்டால், இந்தப் பக்கக் கோன் வெளியே தள்ளும்போது அந்தப் பக்கக் கோன் உள்ளே இழுக்கும், இரண்டு சத்தமும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் கனம் மட்டும் காணாமல் போயிருக்கும். தொழில் பழகும்போது எல்லோரும் செய்கிற தப்பு அது. ஒரு சத்தத்தை அழிக்க வேண்டும் என்றால் அதற்கு நேர் எதிராக இன்னொன்று அசைந்தால் போதும். இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை.

அந்த மதாம், பிரெஞ்சு வழக்கத்தில் அம்மா என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அறுபது வயதைத் தாண்டியவர், குட்டையாக வெட்டின முடி, முழங்காலுக்குக் கீழே வரும் பருத்திக் கவுன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருடைய கணவர் ஒரு சொல்தா, இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். வண்டியை ஓட்டி வந்தவன் அன்றைக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்ட ஆக்டிங் டிரைவர். இரண்டு பேரும் சண்டையோடுதான் இறங்கினார்கள். என் கடையைத் தாண்டி மூலக்குளம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். மூன்று தடவை நிறுத்தச் சொன்னேன் என்கிறார் அவர். அந்தம்மா பக்கத்து சீட்டில் வாயே திறக்காமல் வந்துவிட்டு இப்போது என்னைத் திட்டுகிறது என்கிறான் அவன். சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டான். எனக்குச் சிரிப்பாக இருந்தது, நம் வீட்டிலும் இதே கதைதானே என்று.

என்ன வேலை மதாம் என்று கேட்டேன்.

"லெப்ட் சைடு கதவுல ஒரு ஸ்பீக்கர் இருக்குல்ல, அத எடுத்துடு தம்பி. அது என்னப் பேச வுடமாட்டேங்குது."

அதிர்கிற சத்தத்தில் பேச முடியவில்லை என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒத்துப் போகாது, இரண்டையும் மாற்றிவிடலாம் என்றேன். வலது பக்கத்தில் ஒரு கோளாறும் இல்லை, ஆனாலும் உன் இஷ்டம் என்றார். அடுத்த மாதம் மகனும் மருமகளும் பிரான்சில் இருந்து வருகிறார்களாம், இந்த வண்டியில்தான் ஊரைச் சுற்றப் போகிறார்களாம். மருமகள் முன் சீட்டில் உட்காருவாள், அதற்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மருமகள் மேல் இவ்வளவு அக்கறையா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கை வைக்கிற இடத்தில் ஒன்று, அப்புறம் சுற்றி இருக்கும் கிளிப்புகளை நெம்பினால் கதவின் உள்பலகை கையோடு வந்துவிடும். எடுத்தேன். ஸ்பீக்கர் சாதாரணமாகத்தான் இருந்தது, கோனில் ஒரு கீறல்கூட இல்லை. ஒயர் வந்து சேரும் கப்ளரைப் பிடுங்கிக் கதவுக்குள் தொங்கவிட்டேன். நான்கு ஸ்க்ரூவில் இரண்டை எடுத்துவிட்டு, வலது பக்கம் மட்டும் தனியாக எப்படிப் பாடுகிறது என்று பார்க்கலாம் என டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். மதாம் வெயில் தாங்காமல் இடது சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் ஸ்டீரியோவில் கை வைக்கும் முன்னாலேயே என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

பேசுகிறார். உதடு அசைகிறது, கையை ஆட்டுகிறார், நெற்றியைச் சுருக்குகிறார். ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன், எங்கள் தொழிலில் அது சகஜம். ஆனால் ரோட்டில் போகும் பஸ் கேட்கிறது, கொட்டகை ஃபேனின் கிறீச் கேட்கிறது, தூரத்தில் எவனோ கல் அறுக்கும் மெஷின் கேட்கிறது. ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அவர் குரல் மட்டும் இல்லை. அப்போதுதான் அவர் முழங்கால் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தேன். கோன் நடுங்கிக்கொண்டிருந்தது. கப்ளர் தனியாகக் கீழே தொங்குகிறது, ஒரு பொட்டு கரண்ட் வர வழியில்லை. அவர் உதடு அசையும்போது அது அசைகிறது, அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. பேச்சின் வேகத்துக்குப் பதறி ஆடுகிற கோன் இல்லை அது, ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

நான் குறுக்கே கையை நீட்டிக் கோன் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினேன்.

"...அதுலேந்து அவர்கிட்ட பேசுறதையே வுட்டுட்டேன்" என்று அவர் குரல் பாதியில் இருந்து கேட்டது. விரலை எடுத்தேன், போய்விட்டது. திரும்ப வைத்தேன்.

"தெரிஞ்சிதா" என்றார்.

அந்தச் சின்னக் காகிதம் என் விரலைக் கீழே இருந்து தள்ளிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்ததா என்று கேட்டால், இல்லை, முதலில் கோபம்தான் வந்தது. என் தொழிலில் எனக்குத் தெரியாத ஒன்று என் கடைக்குள்ளேயே வந்து என்னை முறைக்கிறதே என்ற கோபம். மீதி இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து அதைப் பிடுங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகு மதாம் பேசியதெல்லாம் ஒழுங்காகக் கேட்டது. வெயில், மதாம், சூட்டில் காது என்னவோ பண்ணுகிறது என்று நானே சொன்னேன். புது ஸ்பீக்கரைப் போட்டு, பலகையை மூடி, வேறொரு டிரைவர் வந்து வண்டியை எடுக்கும்போது, அதை வேறு யார் வண்டியிலும் போட்டுவிடாதே என்றார் மதாம். குப்பைக்குத்தான் போகும் என்று சொன்னேன்.

குப்பைக்குப் போகவில்லை. அட்டைப்பெட்டிக்குத்தான் போனது.

இந்த இடத்தில்தான் நான் வெளியில் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். என் மனைவி கலா தட்டாஞ்சாவடியில் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். வீட்டு வாசலில் கார் கிளம்பினால் கம்பெனி கேட் வரைக்கும் அவள் வாய் மூடாது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர், கம்பெனியில் யாருக்கு யாரோடு சண்டை, நான் செய்யாமல் விட்ட வேலை, போன மாதமும் செய்யாமல் விட்ட வேலை. நான் நாள் முழுக்க சத்தத்திலேயே கிடக்கிறவன், காலையில் அந்த இருபது நிமிஷமாவது நிம்மதியாக விடக் கூடாதா என்று எரிச்சலாக வரும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் சொன்னதில் பாதிக்கு ம் கொட்டியே சமாளித்தவன் நான்.

என் காரில் இடது கதவு ஸ்பீக்கர் கிழிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வேலை இல்லாத ஒரு மத்தியானம் மாற்றினேன். கைக்கு அகப்பட்டதை மாட்டினேன் என்றுதான் பிறகு வெளி ஆட்களிடம் சொன்னேன். பொய். பெட்டியைக் கவிழ்த்துத் தேடி அதையே எடுத்தேன். கடையில் நடந்தது வெயில் மயக்கமா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கலா ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போட்டாள், பேச ஆரம்பித்தாள். இன்ஜின் கேட்டது, பின்னால் வந்தவன் ஹாரன் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. பயந்து அலறி வண்டியை ஓரம் கட்டினேன் என்று சொன்னால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைப்பீர்கள். நான் அப்படிச் செய்யவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினேன், இறங்கும்போது சரி என்கிற மாதிரி கையைக் காட்டினேன். அன்றைக்குக் கடையில் உற்சாகமாக வேலை ஓடியது. இப்படியே ஒன்பது நாள்.

நாலாவது நாள் அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது ஒரு ஆசையில் எட்டி இடது கதவின் ஸ்பீக்கர் வலை மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஸ்டீரியோ அணைந்திருந்தது, சீட்டில் யாரும் இல்லை, நானும் வாய் திறக்கவில்லை. வலைக்குப் பின்னால் அது அசைந்துகொண்டிருந்தது. யாரும் பேசாத வண்டியில் யாருடைய பேச்சுக்கு அது ஆடுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அப்புறம் விரலை எடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும்.

ஏழாவது நாளா எட்டாவது நாளா, இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கிறோம். கலா பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் வழக்கம் போல் தலையை ஆட்டினேன். அவள் முகம் அப்படியே வெளுத்துப் போனது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கம்பெனியில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். எட்டி ஒரு விரலை வைத்தால் கேட்டிருக்கும். சிக்னல் சிவப்பில்தான் இருந்தது, கை எட்டுகிற தூரம்தான். நான் வைக்கவில்லை.

பத்தாவது நாள் அவள் காரில் ஏறவில்லை, பஸ்ஸில் போய்விட்டாள். அன்று சாயந்திரம் வீட்டுக்கும் வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. தேங்காய்த்திட்டில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று இருந்தேன். மறுநாள் காலையில் அந்த அக்காவே போன் பண்ணினாள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள், கத்திப் பேசித்தான் பழக்கம். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"டெஸ்டு ரிசல்ட் வந்துச்சி தம்பி. மார்ல இருந்தது வெறும் கொழுப்புக் கட்டியாம், பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்ட்டாரு. உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ நெனச்சது நடக்கல. அது உனக்குத் தெரியணும்ல."

என்ன கட்டி, எந்த டெஸ்ட், நான் என்ன நினைத்தேன் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அதே காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்தரை மணி இருக்கும், ஏலம் முடிந்து எதிரே படகுகளில் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள், கலா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் மூச்சு வாங்க, உனக்குக் கட்டி என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னை அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"சிக்னல்ல வச்சி சொன்னேன். நீயும் பதில் சொன்ன."

நான் வாயே திறக்கவில்லை என்றேன். அது சத்தியம். அந்த ஒன்பது நாளும் அந்த வண்டிக்குள் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைத்தான் ஆட்டினேன்.

"அன்னிக்கி மட்டும் இல்ல. மொத நாள்லேந்து நீ சொன்ன ஒவ்வொண்ணும் எனக்குக் கேட்டுச்சி. ஒரு தடவகூட கத்தல, பொறுமையா, ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்ன. நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து சொன்ன. எனக்குக் கட்டின்னதுக்கு நீ சொன்னத எங்கம்மாகிட்டகூட சொல்லல நான்."

என்ன சொன்னேன் என்று கேட்டேன். அதை என் வாயால் சொல்ல வைக்காதே என்றாள். அக்கா கத்தியை நிறுத்தாமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவளுக்குத் தெரியும் என்று அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். மதாம், கோன், விரல், நான் தேடி எடுத்து மாட்டியது, எல்லாமே. சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஒன்று நான் பைத்தியம், இல்லையென்றால் பெண்டாட்டி பேச்சைக் கேட்காமல் இருக்க மெஷின் வைத்தவன். தப்பு பண்ணிவிட்டு ஸ்பீக்கர் மேல் பழி போடுகிறான் பார் என்று கலா அக்காவிடம் சொன்னாள். நான் விடவில்லை, ஒரே ஒரு தடவை வந்து வண்டியில் உட்கார், நீயே பார் என்று கெஞ்சி அவளை எழுப்பிக் கூட்டிப் போனேன். அக்காவும் ஈரக் கையோடு பின்னால் வந்தாள். கலா இடது சீட்டில் உட்கார்ந்தாள், கதவைச் சாத்தினாள், நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏதாவது பேசு என்றேன்.

"இன்னா பேசணும்" என்றாள்.

கேட்டது. தெளிவாக, மணி அடித்த மாதிரி கேட்டது. இன்னொரு தடவை பேசச் சொன்னேன், கேட்டது. கதவைத் திறந்து மூடி, இன்ஜினைப் போட்டு, நிறுத்தி, என்ன செய்தாலும் கேட்டது. வலை மேல் விரலை வைத்தேன், அசைவே இல்லை, செத்த மாதிரி கிடந்தது. அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து, நல்லாத்தானே கேக்குது தம்பி என்றாள். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது, கதவுக்குள் இருப்பது என்னவாக இருந்தாலும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அது சும்மா இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், அதன் வெறுப்பு வெயில் மாதிரி மேலே படுவது எனக்குத் தெரிந்தது.

கலா இறங்கிப் போய்விட்டாள். நான் கதவுப் பலகையைக் கிளிப் உடைய உடையப் பிடுங்கினேன், ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மீன் கத்தியை வாங்கிக் கோனைக் கிழித்தேன், சட்டத்தைக் காலால் மிதித்து உடைத்தேன், காந்தத்தைக் கல்லில் போட்டு அடித்தேன். ஏலத்துக்கு வந்த ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கலா வாசலில் நின்றபடி பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது, அது ஸ்பீக்கரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

கடைக்கு வந்ததும் மதாமுக்குப் போன் போட்டேன். நான் யார் என்று சொன்னதுமே, யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டார். என் மனைவி என்றேன்.

"நீ பேசுறது அவளுக்குக் கேட்டுதா" என்றார்.

அதை நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் மதாம், நான் பேசாததெல்லாம் கேட்டிருக்கிறது என்றேன். அந்த வண்டியை அவர்கள் வாங்கும்போதே அது பழைய வண்டிதானாம். வாங்குகிற வரைக்கும் அவருடைய கணவர் தங்கமான மனுஷர், அதற்கப்புறம் அந்த வண்டிக்குள் வைத்து மட்டும், சிரித்த முகம் மாறாமல், இவர் காதில் விழுகிற மாதிரி சில விஷயங்கள் சொல்வாராம். வீட்டுக்கு வந்து கேட்டால் நீதான் ஒன்றும் பேசாமல் வந்தாய், நானும் ஒன்றும் சொல்லவில்லை என்பாராம். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் இருந்திருக்கிறார்கள்.

"சாகுற அன்னிக்கிகூட என் கையப் புடிச்சிக்கிட்டு, நான் அப்படில்லாம் சொல்லவே இல்லன்னு அழுதாரு. நான் நம்பல. அதுக்கப்பறம் டிரைவருங்க சொல்லித்தான் என் பேச்சு யாருக்கும் கேக்கலன்னே எனக்குத் தெரிஞ்சிது. இப்பவும் முழுசா நம்பல தம்பி, அந்தக் குரல் அவரோடதுதான்."

மெர்சி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எதற்கு நன்றி சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

மூன்றாவது நாள் திரும்பவும் தேங்காய்த்திட்டுக்குப் போனேன், இந்தத் தடவை பஸ்ஸில். நடந்ததை விளக்கி ஜெயிக்க முடியாது என்று புரிந்துபோயிருந்தது. அவள் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். நான் சொன்னது தப்பு கலா, மன்னிச்சுடு என்றேன். என்ன சொன்னாய், சொல் பார்ப்போம் என்று கேட்டாள். நான் என்ன சொல்ல முடியும், தலையைக் குனிந்துகொண்டு, அதை எப்படித் திரும்பச் சொல்வேன் என்றேன். அவள் அழுதாள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"அதுவரைக்கும் எனக்கே சந்தேகமா இருந்துச்சி, நாந்தான் ஏதோ கற்பன பண்ணிக்கிட்டேனோன்னு. நீ மன்னிப்பு கேட்ட பாரு, அப்பத்தான் நிச்சயமாச்சி."

இப்போது என் வீடு அமைதியாக இருக்கிறது. சாப்பாடு ரெடி, கேஸ் வரவில்லை, கரண்ட் பில் மேஜையில் இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. வேலைக்கு பஸ்ஸில் போகிறாள். தண்ணீர் மோட்டார் ரிப்பேராகி நாலு நாளானாலும் வாய் திறப்பதில்லை, நானாகப் பார்த்துச் சரி பண்ணுகிறேன். அவள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன், அதைப் பார்த்ததும் அவள் நிறுத்திவிடுகிறாள். காரை விற்றுவிட்டேன். வீட்டில் டிவியைத் தவிர ஸ்பீக்கர் என்று ஒன்றும் கிடையாது, அதையும் பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெளிச்சம், ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், கலா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றுகிறாள். டீயைக் கொடுத்துவிட்டுப் போனவள் திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்து, "திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா" என்றாள், சத்தமே போடாமல், களைத்துப்போனவள் மாதிரி. உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. டீ ரொம்பச் சூடாக இருந்ததால் முதல் வாயை அப்படியே வாயில் வைத்திருந்தேன், இன்னும் விழுங்கியிருக்கவில்லை.